மெத்தை அங்கிள் தேடிய விமான சீட்டு

தூக்கத்தைப் பற்றி மெத்தை அங்கிள் அளவுக்குக் கவலைப்பட்டவரும் கிடையாது, அவர் அளவுக்குக் குறைவாகத் தூங்கியவரும் கிடையாது. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் அகப்பட மாட்டார். அடித்துச் சொல்வேன்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், புடவைக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் நடுவில் அவருடைய மெத்தைக் கடை. உள்ளே போனதும் நாம் விலை கேட்க முடியாது. முதல் கேள்வி அவருடையது. "குப்புறவா, மல்லாந்தா, ஒருக்களிச்சா?" புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தால் மாப்பிள்ளையை ஓரங்கட்டி, "குறட்டை உண்டா? வெக்கப்படாம சொல்லு லா. உனக்குத் தெரியலைனா அந்தப் பிள்ளைகிட்ட கேட்டுக்கறேன்" என்பார். ஒரு நாள் பெரிய காரில் வந்த ஒருவர், இருப்பதிலேயே விலை கூடிய மெத்தையைக் காட்டி, "பாஸ், இதுல ஒண்ணு" என்றார். அங்கிள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தோளுக்கு இது ஆகாது. வேற கடை பாருங்க." வந்தவர் நிஜமாகவே வேறு கடை பார்த்தார். அன்று முழுக்க அவர் மனைவி, எங்கள் ஆன்டி, அங்கிளோடு பேசவில்லை.

எனக்கு அவர் அறிமுகமானது பிரிக்பீல்ட்ஸில். அப்போது நான் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விமான சீட்டுகள் என்றால் எனக்குப் பைத்தியம். எந்த விமானத்தில் எந்த வரிசையில் ஜன்னல் இல்லை, எந்த பிசினஸ் கிளாஸ் சீட் தட்டையாகப் படுக்கும், எது சறுக்குமரம் மாதிரி சரியும், எல்லாம் மனப்பாடம். நான் அதுவரை பினாங்குக்கு மேல் பறந்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு காலை, கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கிள் உள்ளே நுழைந்தார். தையல்காரர் என்று நினைத்தோம்.

"லண்டனுக்கு ரெண்டு டிக்கெட். உட்கார்றதுக்கு இல்ல. தூங்கறதுக்கு" என்றார்.

மேனேஜர் அக்கா என்னைப் பார்த்தார். பைத்தியத்துக்குப் பைத்தியம்தான் சரி என்று முடிவு செய்து என் மேசையைக் காட்டினார்.

விஷயம் இதுதான். அங்கிளின் ஒரே மகளுக்கு லண்டனில் கல்யாணம். ஆன்டி அப்போதுதான் முதுகில் ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தார். பறக்கலாம், ஆனால் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, நன்றாகப் படுத்துத் தூங்கியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலும் மறுநாள் முதுகு பலகையாகிவிடும், உட்கார முடியாது. டாக்டர் அனுமதித்த தேதியில் கிளம்பினால், போய் இறங்கிய மறுநாள் காலை முகூர்த்தம்.

"மக கைய நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் தாரை வார்க்கணும் பாப்பா. அவ அம்மா படுத்துக்கிட்டு ரூம்ல இருந்தா, நான் தனியா உட்கார்ந்து என்ன பண்றது?" என்றார். டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

நான் உற்சாகமாகி மூன்று விமானங்களின் சீட் படங்களை அவர் முன்னால் பரப்பினேன். ஒன்று, பழைய மாடல்: இரண்டு சீட் பக்கத்தில் பக்கத்தில். இரண்டாவது, சாய்வாக மீன் முள் மாதிரி அடுக்கியது. மூன்றாவது என் செல்லம்: கதவு வைத்த குட்டி அறை, உள்ளே தட்டையான கட்டில். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போடுகிற சீட்.

அங்கிள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எல்லாப் படத்துலயும் ஒரு வெள்ளைக்காரர் சிரிச்சுக்கிட்டே மல்லாந்து கிடக்கறாரு. கால் எங்க?"

கால்தான் பிரச்சினை. இந்த சீட்டுகளில் முன்னால் இருப்பவருடைய மேசைக்கு அடியில் ஒரு பொந்து இருக்கும். நம் பாதம் அதற்குள் போக வேண்டும். மல்லாந்து படுத்தால் சரி. ஒருக்களித்து முழங்காலை மடக்கினால் இடிக்கும். அங்கிள் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்து நட்சத்திரம் போட்ட யாருக்கும் முதுகில் தையல் இல்லை போல.

"ஞாயித்துக்கிழமை கடைக்கு வா. படுத்துப் பார்த்துருவோம்" என்றார் அங்கிள்.

போனேன். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய் இறங்கி, கடைக்குள் கால் வைத்ததும் மலைத்துப்போனேன். பக்கத்தில் மேரு என்ற ஊரில் இருக்கும் ஸ்பாஞ்ச் தொழிற்சாலையிலிருந்து ஒரு லோரி நிறைய வெட்டுத் துண்டுகளை வரவழைத்து, நான் அனுப்பிய அளவுகளை வைத்து மூன்று விமான சீட்டுகளையும் தரையில் கட்டிவைத்திருந்தார். பொந்துக்கு அட்டைப்பெட்டி. கதவுக்கு அலமாரிக் கதவு.

ஆன்டியும் நானும் ஒரே உயரம். அதனால் முதல் பரிசோதனை என் மேல். "ஒருக்களி. கால மடக்கு. இன்னும் மடக்கு. மூச்சு விடு. தூங்கு!"

"அங்கிள், ஆள்கள் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும். விளம்பரம்."

கடைக்கு வந்த ஒரு அக்கா அட்டைப்பெட்டிக்குள் என் கால் இருப்பதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த செட் எவ்வளவு?" என்று கேட்டார்.

பழைய மாடல் நடுவில் குழி. கதவு சீட் அற்புதம். மீன் முள் சீட்டில் பொந்து குறுகல். ஆனால் முதல் வரிசையில் மட்டும் முன்னால் ஆள் இல்லாததால் பொந்து அகலம். சரி, கதவு சீட்தான் என்று நானும் அங்கிளும் கை குலுக்கிக்கொண்டோம். கடைசியாக ஆன்டி வந்து மெதுவாகப் படுத்தார். இடது பக்கம் திரும்பினார். முழங்கால் மடங்கியது. பாதம் சௌகரியமாகப் பொந்துக்குள் போனது. அங்கிள் முகம் மலர்ந்தது.

ஆன்டி சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, பிளேன்ல வடக்கு எந்தப் பக்கம்?"



வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது நம்மில் பல வீடுகளில் வழக்கம். ஆன்டிக்கு அது சட்டம். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி கட்டிலின் திசையைப் பற்றித்தானாம். தலை வடக்கே. கட்டிலைத் திருப்ப நர்ஸ் சம்மதிக்கவில்லை. ஆன்டி கண்ணை மூட மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் அங்கிள் தலையணையைக் கால்மாட்டில் போட்டு, ஆன்டியை மாற்றிப் படுக்க வைத்தார். காலையில் வந்த டாக்டர் போர்வையை விலக்கி, ஆன்டியின் பாதத்தைப் பார்த்து "குட் மார்னிங்" சொன்னார்.

நான் சிரித்தேன். "ஆன்டி, ஆகாயத்துல ஏது வடக்கு?"

"கீழ இருக்கற வடக்கு மேல மட்டும் எங்க போயிரும்?" என்றார் ஆன்டி.



அங்கிள் ஒரு பாந்தால் பெலுக், அதாவது கட்டிப்பிடித்துத் தூங்கும் நீளத் தலையணை, எடுத்து வந்து தரையில் போட்டார். "இதுதான் பிளேன்." நான் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தேன். லண்டன் நமக்கு வடமேற்கே. தலையணையின் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினோம். பயணி முன்னால் பார்த்து உட்கார்ந்து அப்படியே சாய்ந்தால் கால் மூக்குப் பக்கம், தலை வால் பக்கம். வால் தென்கிழக்கே!

"தெற்கும் கிழக்கும்! ரெண்டும் நல்ல திசை!" என்று அங்கிள் கத்தினார்.

"தென்கிழக்குனா அக்னி மூலை. என்னை அடுப்புல வெக்கப் போறீங்களா?" என்றார் ஆன்டி.

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, பிளேன்ல சாப்பாடு சூடு பண்ற இடம் எங்க?"

"பின்னாடியும் ஒண்ணு இருக்கு அங்கிள்."

"பாரு! அக்னி மூலைல அடுப்பு. அந்த ஆகாயக் கப்பலைக் கட்டினவன் சாஸ்திரம் பார்த்துத்தான் கட்டியிருக்கான்!"

ஆன்டிக்குத் திருப்தி. எனக்குத்தான் இடி. கதவு சீட்டில் ஒரு வரிசை முன்னால் பார்க்கும், அடுத்த வரிசை பின்னால் பார்க்கும். அந்தத் தேதியில் ஜோடியாக மிச்சம் இருந்தவை பின்னால் பார்ப்பவை மட்டும். அவற்றில் படுத்தால் தலை வடமேற்கே.

"அங்கிள், ப்ளீஸ், அது ஐந்து நட்சத்திரம்!"

"நட்சத்திரம் இருக்கு பாப்பா. திசை இல்லையே."

ஆக, மீன் முள் சீட், அதுவும் முதல் வரிசை. அதை விமானக் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. திறக்கும்போது திறக்கும் என்றார்கள். அங்கிள் தினமும் ஆபீசுக்கு போன் போட ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேட்கும். "பாப்பா, பொந்து கிடைச்சுதா?"

"யாருடி அது, எலி பிடிக்கறவரா?" என்பார் மேனேஜர் அக்கா.

எனக்கும் அந்த அவஸ்தை தொற்றிக்கொண்டது. தே தாரேக் டீ குடிக்கும்போதும் சீட் படத்தைப் பார்ப்பேன், ரயிலில் தொங்கிக்கொண்டும் பார்ப்பேன். யாரோ இன்னொரு முதுகுவலிக்காரர் முந்திக்கொண்டால்? ஆன்டி இல்லாத மணவறையில் அங்கிள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். ஒரு மத்தியானம் சீட் படத்தைத் திறந்தால், முதல் வரிசை நடுவில் இரண்டும் காலி! நான் போட்ட கூச்சலில் மேனேஜர் அக்கா மைலோவை விசைப்பலகை மேல் கொட்டினார். "அங்கிள், பொந்து கிடைச்சிருச்சு!" என்று போனில் அலறினேன். அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

விமான நிலையத்துக்கு அங்கிள் ஒரு ஸ்பாஞ்சைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "உள்ள படுக்கை இருக்கு சார்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். "அது சீட் மா. இதுதான் மெத்தை" என்றார் அங்கிள்.

கல்யாணப் படம் என் கைபேசிக்கு வந்தது. மணவறையில் ஆன்டி நிமிர்ந்து, கம்பீரமாக, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அங்கிள், கையில் தாரைச் செம்போடு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் மாப்பிள்ளையின் வேட்டியில் ஊற்றுகிறது. ஐயர் அங்கிளின் விலாவில் குத்துகிறார்.

அவர்கள் திரும்பியதும் கிள்ளானுக்கு ஓடினேன். ஆன்டி பலகாரம் எடுக்க மாடிக்குப் போனதும் அங்கிள் குரலைத் தாழ்த்தினார்.

"ஆன்டிகிட்ட சொல்லிராத. நடுவுல மழை மேகம்னு கேப்டன் பெலோக் பண்ணி வளைச்சுத் திருப்பிட்டாரு பாப்பா. திரையில பார்க்கறேன், மூக்கு தெற்கால போகுது. அப்ப தலை?"

"வடக்கே! ஐயோ, எழுப்பினீங்களா?"

"தோள்ல கை வெச்சுட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அவ அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல. கைய எடுத்துட்டேன். பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துக்கிட்டு பக்கத்துலயே நின்னேன். வேலை செய்யற பிள்ளை வந்து, சார், ஓகேவானு கேட்டுச்சு. கேப்டனை நேரா போகச் சொல்லும்மான்னேன்."

"அப்புறம் நேரா போயிருச்சா?"

"போச்சு. ஆனா மறுபடி திருப்பிட்டா? அந்த ஆள நம்பச் சொல்றியா? இறங்கப் போறோம், பெல்ட் போடுங்கனு சொல்ற வரைக்கும் நின்னுட்டேன்."

"அப்ப நான் அலைஞ்சு பிடிச்ச சீட்டுல நீங்க படுக்கவே இல்லையா?"

"என் பை படுத்திருந்துச்சு. நல்லாத் தூங்குச்சு."

கிளம்பும்போது ஆன்டி ஒரு பை பலகாரத்தோடு வாசல்வரை வந்தார். "பாப்பா, அவர்கிட்ட சொல்லாத. நடுவுல ஒரு தரம் முழிச்சேன். திரையில பிளேன் எங்கயோ தெற்கால போகுது. தலை வடக்குனு புரிஞ்சுபோச்சு. எழும்பலாம்னு பார்த்தா, இந்த மனுசன் தலைமாட்டுல கையக் கட்டிக்கிட்டு ஜாகா மாதிரி காவலுக்கு நிக்கறாரு. சரி, அவர் பார்த்துக்குவாருனு திரும்பித் தூங்கிட்டேன்."

இரண்டு பேரிடமும் சத்தியம் செய்த ஒரே ஆள் நான். இதை இரண்டு பேருமே படிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சமீபத்தில் வேறு வேலை விஷயமாக எனக்கே அந்தக் கதவு சீட் கிடைத்தது. முன்னால் பார்க்கிற சீட், தலை நல்ல திசையில், பொந்தும் அகலம். கதவைச் சாத்திக்கொண்டு புரண்டேன், புரண்டேன், தூக்கமே வரவில்லை. கடைசியில் கதவைத் திறந்து நடைவழியை எட்டிப் பார்த்தேன். அங்கே யாரும் நிற்கவில்லை.