பெண் வீட்டாருக்கு நான் காட்டிய வடதுருவம்

அன்பு மகன் கோகிலனுக்கு,

புக்கிட் ரோத்தானிலிருந்து அப்பா எழுதுவது. உன் காது, மூக்கு, விரல்கள் எல்லாம் அதனதன் இடத்தில் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கு எல்லாரும் நலம். அம்மா மட்டும் என்னோடு பேசுவதில்லை.

“உங்க மகன் அங்க தினமும் என்னா வேலதான் செய்யறாரு, சார்?” நாங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ, யாரும் கேட்காமலே இரண்டு தரம் “நல்ல பொண்ணுப்பா” என்றாயே, அந்தத் தனேஸ்வரியின் அப்பா லிங்கேஸ்வரன் கேட்ட கேள்வி இது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ரவாங்கிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். ‘கப்பலில் மாலுமி’ என்று சொல்லிக் கேசரித் தட்டை நகர்த்தியிருக்கலாம். எடுத்துக்காட்டு இல்லாமல் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லையே. தெறிக்கும் அலை கப்பலின் கம்பிகளில் உறைந்துவிடும், அதை மரச்சுத்தியால் தட்டி உடைப்பதுதான் உன் காலை வேலை என்றேன். அவர் முகம் தெளியவில்லை. உடனே, பாசிர் பெனம்பாங் சந்தையில் மீனோடு வாங்கி வந்த ஐஸ்கட்டியை மேசையில் வைத்து, கையுறைக்குப் பதிலாக அவர் கைகளில் இரண்டிரண்டு காலுறை மாட்டி, நண்டு உடைக்கும் சுத்தியைக் கொடுத்து, “அடிங்க!” என்றேன். மனிதர் ஓங்கி அடித்தார். ஒரு துண்டு கேசரியில் விழுந்தது. இன்னொன்று அவர் மனைவி நவமணியின் பட்டுப்புடவைக்குள் போனது, மீன் வாடையோடு.

அந்த அம்மா உதறிக்கொண்டே எழுந்து, “ஒடைக்கலன்னா என்னா சார் ஆவும்?” என்றார்.

“பாரம் ஏறி கப்பல் சாஞ்சிரும்மா.”

உன் அம்மா அடுப்படியிலிருந்து பலமாக இருமினாள். நான் கவனிக்காமல், குளிர்காலத்தில் அந்த வடதுருவக் கடலில் வாரக்கணக்கில் சூரியனே வராது என்று தொடர்ந்தேன்.

“அப்போ பொங்கல யாருக்கு வைப்பாரு?” என்றார் நவமணி.

அப்போதுதான் நான் கேசரித் தட்டை நகர்த்தினேன்.

இத்தனைக்கும் நடுவில் தனேஸ்வரி வாய் திறக்கவே இடமில்லை. “சொல்லி அனுப்புறோம் சார்” என்று லிங்கேஸ்வரன் காலுறையோடேயே கைகூப்பிவிட்டுப் போனார். கார் முனை திரும்பியதும் உன் அம்மா, “ஸ்கூல்ல ரிட்டையர் ஆகி என்னா லா? வாய் இன்னும் ரிட்டையர் ஆவலயே!” என்றாள். அதுதான் அவள் என்னோடு கடைசியாகப் பேசியது.

ஆகவே மகனே, இந்த இடம் கைவிட்டுப் போனது முழுக்க என்னால்தான். மன்னித்துவிடு. கையுறையைக் கழற்றாதே. ஈரத் தளத்தில் கம்பியைப் பிடித்தே நட. போன இடமெல்லாம் சூடான சோறு கிடைக்க எங்கள் ஆசிகள்.

உன் அப்பா,
கார்த்திகேசு

பி.கு.: இதை அனுப்பப் போகும் நேரத்தில் தனேஸ்வரி போன் செய்தாள். “அங்கிள், அப்பாவும் அம்மாவும் ஓகே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அப்பா ஐஸ் ஒடைச்சுக் காட்டுறாரு லா. நான்தான் இன்னும் சொல்லல. அவரப் பத்தி எல்லாத்தயும் நீங்களே பேசிட்டீங்க. நான் அவருகிட்ட பேசணும்.” அவள் எண் கீழே இருக்கிறது. துறைமுகம் வந்ததும் கூப்பிடு. ஒரே ஒரு கேள்வி கேள். அவள் பேசி முடிக்கும்வரை எதையும் விளக்காதே.