ஹாரன் அண்ணன் குடித்த விளக்கெண்ணெய்

கொடைக்கானல் மலைப்பாதையில் ஹாரன் அண்ணனை மிஞ்சிய தைரியசாலி ஒருவரும் இருந்ததில்லை. எதிரே நிற்கும் மாடு தெரியாத பனிமூட்டத்திலும் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய ஜீப்பை ஒரு கையால் ஓட்டுவார். வளைவுக்கு வளைவு ஹாரன். பழக்கம் முற்றிப்போய், நடந்து போகும்போதும் தெருமுனையில் வாயாலேயே "பாம் பாம்" கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். அண்ணனுக்குப் பக்கத்து அறை. இருவரும் ஒண்டிக்கட்டை. காம்பவுண்டில் ஐந்து குடித்தனம். கக்கூஸ் ஒன்றே ஒன்று.

ஒருநாள் காலையில் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"சார், ஆறு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் போவுதுங்க. எங்கய்யாவும் இப்பிடித்தான் போயிச் செத்தாரு."

"ஆறு மாசமா ஏண்ணே சொல்லல?"

"சொன்னா நெசமாயிருமேன்னு பயந்தேன்."

மதுரைக்கு அழைத்துப் போனேன். பின்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாள் கட்டிச் சாப்பாடு கூடாது, மத்தியானம் விளக்கெண்ணெய்.

"கொழா எம்புட்டு நீளங்க?"

டாக்டர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். திரும்பும் பஸ்ஸில் அண்ணன் வயிற்றைச் சாண் வைத்து அளந்துகொண்டே வந்தார். பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்கியபோதுதான் கேட்டார்: "அம்புட்டு நீளத்துக்கு என் வயித்துல எடம் ஏதுங்க சார்?"

அந்த முதல் நாளும் வந்தது. காலையிலேயே வீடு வீடாகப் போனார். "இன்னிக்கிக் கக்கூஸ் எனக்கு. ஒங்க சோலியெல்லாம் வெள்ளனே முடிச்சுக்கங்க." பன்னிரண்டு மணிக்கு விளக்கெண்ணெய் டம்ளரைக் கையில் எடுத்தார். ஒரு மணிக்கும் அது கையிலேயே இருந்தது.

"குடிங்கண்ணே."

"குடிச்சா நாளைக்குப் போவணுமே சார். போனா என்னன்னு சொல்லிப்புடுவாங்களே."

எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன். "சேந்தே குடிப்போம்" என்றேன். என் வாழ்நாளின் மகா முட்டாள்தனம் அது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். நானும்தான்.

இரண்டு மணிக்கு அவர் கதவு படாரென்று திறந்தது. "பாம் பாம்!" முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிதறி வழிவிட்டார்கள். அவர் உள்ளே. நான் வெளியே, வயிற்றைப் பிடித்தபடி.

"அண்ணே, வெரசா வாங்க!"

"பொறுங்க சார், கொண்டை ஊசி வளைவுல நிக்கிறேன்!"

பதினோராம் தடவைக்கு மேல் ஹாரனில் சத்தமில்லை, காற்றுதான் வந்தது. சாயங்காலம் இருவரும் சுவரில் சாய்ந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடித்தோம்.

"எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, ஜீப்ப..."

"ஒண்ணும் ஆகாதுண்ணே." எனக்கே என் குரலில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் பேரைக் கூப்பிட்டதும், கதவு வரை போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. நர்ஸம்மாதான் மெதுவாகப் பிரித்து அழைத்துப் போனார்.

முக்கால் மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். "சின்னதா ஒரு சதை வளந்திருந்தது. எடுத்தாச்சு. பார்த்தா பயப்படுற மாதிரி இல்ல." அடுத்த வாரம் வந்த ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது.

அன்றைக்கு டாக்டருக்குப் பின்னாலேயே அண்ணன் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றார்.

"சார், வாசல்ல கழட்டுன செருப்பக் காணோமுங்க."

பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அந்த ஜோடியை நான் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன் என்று.