வலையில் விழுந்தால் பாயிண்டு

"திருநெல்வேலி கோச் இன்னும் வந்து சேரலை. வராட்டா நீரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடும்," என்றார் எஞ்சினியர் தாணுலிங்கம். "மெட்ராஸ் அதிகாரி எந்நேரமும் வருவாரு. இங்கன டென்னிஸ் நடக்கலைன்னா, வேலை நிரந்தரமாகும்னு கனவுகூடக் காணாதேயும்."

துறைமுகத்தின் தற்காலிகக் குமாஸ்தா தேவதாசன் தலையாட்டிவிட்டார். வேலை நிரந்தரமாகிவிட்டதென்று மனைவி பிளாரன்ஸ் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அவரோ திரேஸ்புரத்துக் கடற்கரை மணலில் கால்பந்து உதைத்தவர். டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை.

அதிகாரிக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

"சார், நடுவுல எதுக்கு வலை?" என்றாள் மட்டையோடு நின்ற சிறுமி விக்டோரியா.

"வலை எதுக்குளா கட்டுவாவ? அகப்படுத்தத்தான். பந்து வலையில விழுந்தா ஒரு பாயிண்டு."

அந்த நேரம் பார்த்து, வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக ஒருவர் வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். தேவதாசன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அதிகாரி!

வளன் என்ற பையன் ஓங்கி அடித்தான். பந்து வலையைத் தாண்டி, எதிர்க் கட்டத்துக்குள் அழகாகக் குத்தி எழும்பியது. கைதட்டப் போன பெஞ்சுக்காரர், தேவதாசனைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

"ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? இம்புட்டுப் பெரிய வலை தெரியலையா?"

பெஞ்சுக்காரர் முகம் சுளித்தார். பயல்கள் குறி தவறுவதால்தான் கோபம் என்று நினைத்த தேவதாசன் எல்லோரையும் வலைக்கு ஒரு முழத்தில் நிறுத்தினார். பந்துகள் சடசடவென்று வலையில் விழுந்தன.

"பாயிண்டு! பாயிண்டு!"

பெஞ்சுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

'வேகம் பத்தலை போல.' தேவதாசன் ஆளுக்கு இரண்டு மட்டை கொடுத்தார். பெஞ்சுக்காரர் எழுந்தேவிட்டார்.

"ஏளா விக்டோரியா, ஓடிப்போயி அவருக்கு ஒரு கலர் சோடா குடு. என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வா."

அவள் போய்த் திரும்புவதற்குள் கோட்டு வேர்வையில் நனைந்து கனத்தது.

"என்னளா சொன்னாரு? வேலை போச்சா?"

"அவருதான் கோச்சாம் சார், பஸ்ஸு லேட்டாம். 'இம்புட்டுத் தப்பாச் சொல்லியும் ஒருத்தரும் வாயத் திறக்கலையே, அப்ப அந்தக் கோட்டுப் போட்டவருதான மெட்ராஸ் அதிகாரி?'ன்னு தொப்பியக் கழட்டிக்கிட்டுக் கேக்காரு."