வெங்காயச் சந்தைத் தலைவியின் தலைசுற்றல்

டெச்சிமான், செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை பிராகோவுக்கு அக்கா நியார்க்கோவா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் வள்ளிக்கிழங்குத் தோட்டமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எண்பத்து மூன்றாம் வருடப் பஞ்சத்தில் என் பங்கு மரவள்ளியை நீ தின்றதை மறந்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். மறக்கவில்லை. அது இருக்கட்டும்.

ஆறு மாதமாக உடம்பில் சத்தே இல்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, குனிந்து நிமிர்ந்தால் சந்தையே சுற்றுகிறது. மூத்த மகளோ, "அறுபத்தெட்டு வயசாச்சு, அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறாள். இவளைப் பெற இரண்டு நாள் வலியில் கிடந்தவள் நான். போதகர் எண்ணெய் தடவித் தலையை அழுத்தினார், இன்னும் சுற்றியது. மருந்துக் கடைக்காரன் சிவப்பு டானிக் கொடுத்தான், இனித்தது, அவ்வளவுதான். போன வாரம் இரண்டு பெண்கள் மூட்டை வைக்கிற இடத்துக்குச் சண்டை போட, தீர்ப்புச் சொல்ல விருட்டென்று எழுந்தேன். அடுத்து வெங்காயக் குவியலுக்குள் கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் துணைத் தலைவி தவியா கை கொடுத்தாளா? ஊரைக் கூட்டினாள். "பாவம், அம்மாவுக்கு ஓய்வு வேணும். இருபது வருஷம் ஆண்டது போதாதா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டத்துல புதுத் தலைவியப் பேசிருவோம்" என்றாள். என் மாமியார் சாவுக்குத் துக்கத்துக்குரிய சிவப்புத் துணியில் வராமல் பூப்போட்ட துணியில் வந்தவள் இவள்!

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருத்துவர் சின்னப் பெண். படுக்க வைத்து ஒரு தரம், நிற்க வைத்து ஒரு தரம் ரத்த அழுத்தம் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"உள்ள சிவப்பே இல்லையேம்மா. வாயில என்ன?"

"வெள்ளை மண்ணு உருண்டை."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"யாரு எண்ணுனா? மூத்தவ வயித்துல இருக்கையில ஆரம்பிச்சது. பல்லு போனதும் இறைச்சி குறைஞ்சுது, மண்ணு கூடுச்சு."

"நீங்க திங்கிற இரும்புச் சத்தை அது உடம்புல சேர விடாது. இரும்பு குறையக் குறைய மண்ணு மேல ஆசை கூடும். வயசாயிருச்சுன்னு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

உள்ளுக்குள் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்றும் சோதித்தாள், இல்லையாம். மாத்திரை, சேப்பங்கீரை, மெதுவாக எழுந்திருப்பது, இவ்வளவுதான் வைத்தியம். சரி, நாற்பத்தைந்து வருடமாக மாதம் ஒரு பை மண் அனுப்பியது யார்? நீ. அன்பினால்தான் என்று நம்புகிறேன். மரவள்ளி ஞாபகம் வந்தால் நம்பிக்கை கொஞ்சம் ஆடுகிறது. இனி அனுப்பாதே. வெள்ளிக்கிழமை வந்து முன்வரிசையில் உட்கார். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருப்பேன், பார்க்கிறவர்கள் கம்பீரம் என்று நினைக்கட்டும்.

இன்னொன்று. தவியாவும் இப்போதெல்லாம் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள், உதட்டோரம் வெள்ளைத் தூள் வேறு. நான் சொல்வேனா? அவளே விழுந்து தெரிந்துகொள்ளட்டும்.

உன் பேரப் பிள்ளைகள் உரமாக வளரட்டும், உன் கோழிகள் பருந்துக்குத் தப்பட்டும்.

உன் அக்கா,
நியார்க்கோவா

பி.கு.: பேருந்து ஓட்டுநரிடம் கடிதத்தைக் கொடுக்கப் போகையில் தவியா தன் கடை வாசலிலேயே சரிந்துவிட்டாள். நான்தான் மூன்று சக்கர வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். "எனக்கு ஏன் நீ ஒத்தாசை பண்றே?" என்று முனகினாள். "முதல்ல அந்த மண்ணைத் துப்புடி" என்றேன். இமை என்னுடையதைவிட வெளுப்பாம். கூட்டத்தைப் புதுக்கிழங்கு அறுவடைக்கு அப்புறம் என்று தள்ளிவிட்டேன், நீ இப்போது வர வேண்டாம். படுத்துக் கிடந்தவளை ஜெயித்தேன் என்று சந்தை பேச விடுவேனா? எழுந்து நிற்கட்டும். நின்ற பிறகு தோற்கடிக்கிறேன்.