துணைக்குழுச் செயலாளரின் தன்னலமற்ற சேவை

மனிதகுலத்தின் எந்தத் துயரத்தையும் ஒரு துணைக்குழு அமைத்துத் தீர்த்துவிடலாம் என்பது என் அசைக்க முடியாத நம்பிக்கை. என் துயரமே அதற்குச் சாட்சி.

பிலிப்பைன்ஸில், செபு நகரை ஒட்டிய மக்தான் தீவில் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு மார்ச் மாதம் அதை மூடினார்கள். என் மனைவி மாரிவிக் பள்ளிக்கூட ஆசிரியை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் பண்ணிக் கேள் என்றாள். எனக்கு அது பிச்சை கேட்பதுபோல் பட்டது. வேலை தேடுவதை ‘முறைப்படி’ செய்யவேண்டும் என்று விளக்கி, செபு அளவீட்டு வல்லுநர் பேரவையில் உறுப்பினரானேன்.

சனிக்கிழமைதோறும் ஓர் உணவகத்து மாடியில் பேரவை கூடும். ஜெபம், தேசிய கீதம், பன்சித் நூடுல்ஸ், பிறகு நிகழ்ச்சி நிரல். அங்கே யாரையும் ‘வேலையில்லாதவர்’ என்று சொல்லமாட்டார்கள். ‘இடைப்பருவத்தில் இருப்பவர்’ என்பார்கள். அப்படிச் சொல்லிக் கைதட்டியபோது, வேலை போனது ஏதோ பதவி உயர்வு என்றே எனக்குத் தோன்றிவிட்டது.

தலைவர் எஞ்சினியர் இபான்யெஸ் என் தோளில் கை போட்டார்.

“தம்பி, இங்க எல்லாருக்கும் வேலை இருக்கு. நேரம் இருக்கிறது உனக்கு மட்டும்தான். வேலைவாய்ப்பு உதவித் துணைக்குழுவுக்கு நீயே செயலாளரா இரு.”

இவ்வளவு பொருத்தமான காரணத்துக்காக என்னை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒப்புக்கொண்டேன்.

துணைக்குழு அசுர வேகத்தில் இயங்கியது. பெயரில் ‘உதவி’ இருக்கலாமா, ‘வழிகாட்டல்’ என்று மாற்றலாமா என்பதை இரண்டே மாதத்தில் விவாதித்து, முன்பிருந்தபடியே விட்டுவிட்டோம். ஏழு பக்க விண்ணப்பப் படிவம் ஒன்றை நானே தயாரித்தேன். ஒன்பதாவது கேள்வி: ‘உங்கள் தொழில் இலட்சியத்தை ஒரு பறவையோடு ஒப்பிடுக.’ தலைவர் அதைப் படித்துக் கண்கலங்கினார்.

அந்த வருடம் எங்கள் மகள் நர்சிங் படிப்பில் ஒரு பருவத்தைத் தள்ளிப்போட்டு, பெரியம்மாவின் கடையில் நின்றாள். பள்ளி விட்டதும் மாரிவிக் இரண்டு வீடுகளில் டியூஷன் எடுத்தாள். நான் வீட்டில் மற்றவர்களின் சுயவிவரங்களில் காற்புள்ளி திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை டெல்ஃபின் என்பவர் வந்தார். துறைமுகத்தில் எடைமேடைகளைப் பராமரித்தவர், உறுப்பினர் அல்ல. படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்ச பறவை சண்டைச் சேவல்தான் சார். அதை எழுதலாமா?”

“ஏன் சேவல்னு காரணமும் எழுதணும்.”

“எழுதிடுறேன். இதுல வேலை எந்தப் பக்கத்துல இருக்கு?”

வேலை என்பது ஒரு பயணம் என்று அவருக்கு விளக்கினேன். நன்றி சொல்லி, படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். ‘ஒத்துழைப்புப் போதாது’ என்று குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில், எங்கள் வரலாற்றில் முதல்முறையாக, ஒரு நிஜமான வேலை வந்தது. பக்கத்து நகரமான மாந்தாவேயில் தண்ணீரைப் புட்டிகளில் அடைக்கும் ஒரு நிறுவனம், அளவுக் கருவிகளைச் சரிபார்க்க அனுபவமுள்ள ஆள் ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று என் பெயருக்கு எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். என்னை நேரில் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

உடனே செய்யவேண்டியதைச் செய்தேன்: அவசரக் கூட்டம் கூட்டினேன். செயலாளரே விண்ணப்பித்தால் பேரவையின் மாண்பு என்னாகும் என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். நான் எழுந்து, விண்ணப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் தன்னலமின்மை நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. வேலையை அறிவிக்கும் சுற்றறிக்கையில் பேரவையின் சின்னம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பது முடிவாகி, அடுத்த திங்கட்கிழமை அது பதிவு செய்திருந்த எல்லோருக்கும் போனது.

செவ்வாயன்று அந்த நிறுவனத்தின் மேலாளர் போனில் அழைத்தார். டெல்ஃபின் என்று ஒருவர் வாசலில் காவலாளியிடம் வேலை இருக்கிறதா என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமையே அவரை எடுத்துக்கொண்டார்களாம். பிறகு சற்றுத் தயங்கினார்.

“உங்களோட வேலை பார்த்த லோர்னா மேடம்தான் உங்க பேரைச் சொன்னாங்க. உங்களுக்காகத்தான் சார் அதை அனுப்பினோம். பதிலே வரலை. உங்களுக்கு வேற இடம் கிடைச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டோம்.”

‘வாழ்த்துகள்’ என்று சொல்லிப் போனை வைத்தேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நடந்ததை மாரிவிக்கிடம் சொன்னேன். கைதட்டலையும் விட்டுவிடவில்லை. அவள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை.

“ஒண்ணு கேக்கிறேன், நெஸ்டர். இத்தனை மாசத்துல ஒரே ஒரு ஆள்கிட்டயாவது, ‘எனக்கு வேலை வேணும்’னு உன் வாயால சொன்னியா?”

யோசித்துப் பார்த்தேன். துணைக்குழுவில் பதிவு செய்த நூற்றுப் பதினான்கு பேருக்காகச் சொல்லியிருக்கிறேன். முத்திரையோடு, தலைவர் கையெழுத்தோடு சொல்லியிருக்கிறேன். எனக்காக ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

“அதைச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு” என்றேன்.

“பாப்பா கடையில நிக்கிறாளே, அவளுக்குக் கூச்சமா இருக்காதா?” என்று கேட்டுவிட்டு, டியூஷனுக்குக் கிளம்பிப் போனாள்.

இதற்காகப் பேரவையை யாரும் குறை சொல்லக்கூடாது. ஒளிந்துகொள்ள ஓர் இடம் கேட்டுத்தான் நான் அங்கே போனேன். அவர்கள் நாற்காலியும் போட்டுக்கொடுத்தார்கள்.