தழும்பையாவும் என் இடது கையும்

கண்டியில் காப்பி செழித்திருந்த காலத்தில் எல்லோரும் மனிதரை முகம் பார்த்து அடையாளம் கண்டார்கள். ஒருவர் மட்டும் கையைப் பார்த்துக் கண்டார். முகம் அவருக்கு அவசியமே இல்லை. ஒருநாள் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்து வாசலில் தம் சொந்த மைத்துனரையே யாரோ என்று தாண்டிப் போனார். மைத்துனர் தலைப்பாகையைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். தோளுக்குக் கீழே இரண்டு வடுக்கள் தெரிந்தன. உடனே திரும்பி வந்து, “மச்சானா, எப்ப வந்தீங்க?” என்று கேட்டார். மைத்துனர் வந்து மூன்று நாளாகியிருந்தது. தங்கியிருந்ததும் இவர் வீட்டில்தான்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் தழும்பையா. சொந்தப் பெயர் கந்தோரில், சம்பளப் புத்தகத்தில் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் அரசாங்கத்து அம்மை குத்துகிறவர். நான் அவருக்கு எழுத்துவேலை பார்க்க அனுப்பப்பட்ட கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நியமனம் வந்தபோது, குளிர்ந்த ஊரில் மேசையும் கதிரையும் கிடைக்கும் என்று நம்பிப் புறப்பட்டேன். எனக்குக் கிடைத்தவர் தழும்பையா.

அந்த வேலை எப்படி நடந்தது என்பது இப்போதுள்ளவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. கையில் கீறி வைக்கிற மாட்டம்மை நீரான அம்மைப்பால் கண்ணாடிக் குழாயில் எப்போதாவதுதான் வரும். அதிலும் பாதி வழியில் கெட்டுவிடும். ஆகையால் கைக்குக் கை மாற்றுவதுதான் வழக்கம். ஒரு குழந்தையின் கையில் பால் வைத்தால் எட்டாம் நாள் அங்கே முத்துப்போல ஒரு கொப்புளம் எழும்பும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்போம். எட்டாம் நாள் அந்தக் கை கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும். ஏழாம் நாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஹந்தானை மலையில் ஏறி இறங்கி, காப்பிக்காட்டுக்குள் அட்டைக்கடியோடு அந்தக் கையைத் தேடுவோம்.

அரசாங்கம் எங்களிடம் கேட்டது பெயர், இடம், பால் பிடித்ததா இல்லையா என்பது மட்டும். அத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். தழும்பையாவுக்கு மட்டும் வேறொரு கேள்வி இருந்தது. ஒருமுறை அம்மை கண்டவனுக்கு ஏன் மறுமுறை காண்பதில்லை? மாட்டம்மையின் பால் எப்படி மனித அம்மைக்குக் காவலாகிறது? எத்தனை வருஷம் காவல் நிற்கும்? “ஒடம்பு ஒருக்கா பார்த்த எதிரிய மறக்கிறதில்ல கிளாக்கரே. அது எங்க எழுதி வச்சுக்குது?” என்று கேட்பார். என்னிடம் கேட்டால் எனக்கென்ன தெரியும்? எங்கே எழுதி வைத்தாலும் அதை நான் பிரதிபண்ண வேண்டியதில்லை என்று மட்டும் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் கேள்விக்காக அவர் பழைய கைகளையெல்லாம் திரும்பத் தேட ஆரம்பித்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகனுக்குக் கலியாண ஊர்வலம் போனது. மாப்பிள்ளை குதிரைமேல் இருந்தார். சிறுவயதில் அவருக்குப் பால் வைத்தவர் தழும்பையா. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்க் கடிவாளத்தைப் பிடித்து, தழும்பு மங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். மாப்பிள்ளையின் வாப்பா பொறுமையான மனிதர். “இன்டைக்குத்தானா ஐயா? நாளைக்கு ஊட்டுக்கு வாங்களேன்” என்றுதான் சொன்னார். மாப்பிள்ளை நல்ல பிள்ளை; வழி விட்டால் போதும் என்று சட்டைக் கையைச் சுருட்டப் பார்த்தார். புதுச் சட்டை தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. தழும்பையா அதைக் கவனிக்கவில்லை. “நல்லா நிக்குது. எழுதிக்குங்க” என்றார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டுப் பார்க்க, நான் நடுத்தெருவில் நின்று எழுதினேன்.

மறுவாரம் எங்கள்மேல் புகார் சொல்லிப் பெட்டிசம் வந்தது. அதற்கு விளக்கம் எழுதியதும் நான்தான். அந்த வருஷம் எங்களுக்கு எதிராக வந்த பெட்டிசங்கள் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதியவன் நான். கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுகிறவர் என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவார். ஒரே ஆளால் பிழைக்கிறவர்கள் நாங்கள் இருவரும்.

காப்பிச் செடிக்கு இலைநோய் வந்த கதையை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்து, தோட்டம் தோட்டமாக உதிர்ந்துகொண்டிருந்த நேரம். துரைமார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தழும்பையாவுக்குப் புது யோசனை பிறந்தது. மனிதனுக்கு மாட்டம்மை காவலாக நிற்கிறதென்றால், காப்பிக்கும் வேறேதாவது செடியின் சின்ன நோய் காவலாக நிற்காதா? கொய்யா இலையில் கண்ட புள்ளியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்து எல்லைக்குப் போய், பன்னிரண்டு காப்பிச் செடிகளுக்கு வரிசையாகக் கத்தியால் கீறிப் பால் வைத்தார். ஒவ்வொரு செடிக்கும் என்னை இலக்கம் எழுதச் சொன்னார். பன்னிரண்டாவது செடியில் இருக்கும்போது துரை குதிரையில் வந்துவிட்டார்.

என்ன நடக்கிறது என்று துரை கேட்டார். அம்மை குத்துவதாகத் தழும்பையா பணிவாகச் சொன்னார். துரை கொஞ்ச நேரம் செடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இவருக்குச் சுகமில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

எட்டாம் நாள் போய்ப் பார்த்தபோது பன்னிரண்டு செடியிலும் ஓர் இலை இல்லை. மலை முழுவதும் அப்படித்தான் இருந்தது என்பதால் எங்கள்மேல் பழி வரவில்லை. தழும்பையா வெறும் கிளையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். “செடிக்கு ஞாபகம் இல்ல போலிருக்கு” என்றார். அன்று அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வழியில் அட்டை கடித்ததும் வந்துவிட்டது.

இதற்கிடையில் என் கை. வேலையில் சேர்ந்த முதல் நாளே, தழும்பு இருக்கிறதா என்று அதைக் காட்டச் சொன்னார். எனக்குக் கத்தி என்றால் பயம். சிறுவயதில் அண்ணனுக்குப் பால் வைத்து, கை வீங்கி, காய்ச்சலில் அவர் பிதற்றியதைப் பார்த்தவன் நான். என் முறை வந்தபோது பனங்காணிக்குள் ஓடி ஒளிந்தேன். பிறகு யாரும் கேட்கவில்லை. நல்லவேளையாக இடது கையில் கொதியெண்ணெய் பட்ட வடு ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“ஓரம் வழுவழுன்னு இருக்கே. உள்ள குழியும் காணோம். பால் வச்சதுதானா?”

“ஓம் ஐயா. ஊரிலை வைச்சது. அங்கை வைக்கிற விதம் கொஞ்சம் வேறை.”

வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு வருஷம் பட்டேன். ‘யாழ்ப்பாணத்து விதம்’ என்று அவர் புத்தகத்தில் தலைப்பிட்டு ஒரு பக்கம் ஒதுக்கினார். கண்டியில் இருந்த யாழ்ப்பாணத்தாரையெல்லாம் மறித்துச் சட்டையைக் கழற்ற வைத்தார். கோயிலில், கடையில், கச்சேரிக்குள் மேலதிகாரியின் முன்னால்கூட. எல்லாக் கையிலும் சாதாரணத் தழும்புதான் இருந்தது. வடக்கே இருந்த அம்மை குத்துகிறவர்களுக்குக் கடிதம் போட்டார். அந்தக் கடிதங்களைப் பிரதி எடுத்தவனும் நான்தான். அப்படி ஒரு விதமே கிடையாது என்று பதில்கள் வந்தன. ஒவ்வொரு பதிலையும் வாசித்துவிட்டு, “ஒங்க கை மட்டும் தனியா நிக்குது கிளாக்கரே” என்பார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலநாள் வாய்வரை வந்தது. கத்தி ஞாபகம் வந்ததும் விழுங்கிவிட்டேன்.

அந்த வருஷம் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, வடக்குப் பாதையால் நடந்து வந்த கூலிக் கூட்டம் ஒன்று ஹந்தானையில் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. நாலைந்து நாளில், கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பெரியம்மை கண்டது. மாரியாத்தா வந்திருக்கிறாள், கத்தி கொண்டு வரக்கூடாது என்று கங்காணி வழிமறித்தார். கங்காணியின் முகமெல்லாம் அம்மை வடு. தழும்பையா அவரைப் பார்த்து மலர்ந்துபோய், அவருக்கு எந்த வயதில் கண்டது, பிறகு எத்தனைமுறை நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தார் என்று கேட்க ஆரம்பித்தார். கங்காணி பதில் சொல்லிக்கொண்டே எங்களுடன் உள்ளே வந்துவிட்டார். தன்னை இனி அம்மை தீண்டாதென்றால், பிள்ளைகளையும் அப்படி ஆக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. தழும்பையா குழாய்களைத் திறந்தார். இருந்த பாலையெல்லாம் லயத்துப் பிள்ளைகளுக்கு வைத்தார். கடைசிச் சொட்டு ஒரு கைக்குழந்தைக்குப் போனது.

பிறகு நோயாளியின் பெயரையும் அவள் நடந்து வந்த வழியையும் எழுதச் சொல்லி என்னை அந்த அறைக்குள் அழைத்துப் போனார். அவர் கணக்கில் நான் பால் வைத்துக் காவல் உள்ளவன். குனிந்துதான் அவள் பேச்சைக் கேட்க முடிந்தது. அவள் இருமினாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். வெளியே வந்ததும் அவள் பிடித்த இடத்தைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

“என்ன கிளாக்கரே, ஒங்களுக்கு என்ன பயம்?” என்றார்.

“ஐயா, என்ரை கையிலை இருக்கிறது எண்ணெய் பட்ட வடு.”

அவர் காப்பி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். “ஒரு வருசம்” என்றார். பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் காலி. வத்தேகமப் பக்கம் ஒரு லயத்தில் ஒரு பெண்குழந்தைக்கு நாளைக்கு எட்டாம் நாள் என்றார். டவுனுக்கு இறங்கி நோயைப் பரப்பக் கூடாது, மூட்டை அடுக்கும் காப்பி ஸ்டோரிலேயே இருக்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மலையிறங்கினார்.

மறுநாள் மத்தியானம்வரை நான் காப்பி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். உடம்பில் எங்கே அரித்தாலும் அம்மை என்று நினைத்தேன். ஸ்டோரில் அரிக்காத இடமில்லை. வத்தேகமத் தாய் வரமாட்டாள் என்று உறுதியாகத் தெரியும். அவள் புருஷன்தான் போனமாதம் எங்கள்மேல் பெட்டிசம் போட்டவன். அதற்குக் காரமாக விளக்கம் எழுதியவன் நான்.

மத்தியானம் மாட்டுவண்டி வந்து நின்றது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். தழும்பையா வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார், மூன்று விரற்கடை சேற்றோடு. அவர் கத்தியைச் சுடவைக்கப் போன நேரத்தில், எப்படி வரச் சம்மதித்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

“சம்மதிக்கல்லீங்க. வாசல்ல ஒக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. சோறு குடுத்தாலும் திங்கல்ல. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு கூட்டாளி, அவன் ஒரு பொய் சொல்லிப்புட்டான், அதுக்குப்போய் அவன் சாகக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் என்னாங்க செய்றது?”

அவர் கத்தியோடு திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றிக் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். எப்போது குத்துவீர்கள் என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றார். எறும்புக்கடி அளவுகூட இல்லை. அதற்காகவா ஒரு வருஷம்?

என் மனம் இளகியிருந்தது அன்று மாலைவரைதான். மறுநாள் விடிந்ததும் பூதக்கண்ணாடியோடு வந்து என் படுக்கையருகே நின்றார். நூல் பிடித்துக் கீறிய இடத்தின் அகலத்தை அளந்தார். படம் வரைந்தார். எட்டு நாளும் இதே கூத்து. “அம்மை ஒங்க ஒடம்புல நடந்து வருது. பாலு ஓடி வருது. எது முந்துதுன்னு பாப்போம்” என்று மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க வந்தவர்போல உற்சாகமாகச் சொல்வார். ஏழாம் நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. அம்மாவுக்குக் கடைசிக் கடிதம் எழுதினேன். அவர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்து, பால் அருமையாகப் பிடித்திருக்கிறது, இது நல்ல காய்ச்சல் என்று கங்காணிக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்.

அம்மை வரவில்லை. லயத்தில் அந்தப் பெண் பிழைத்தாள். பால் வைத்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கத்திக்குப் பயந்து காட்டுக்குள் ஒளிந்த ஒருவர் மட்டும் தப்பவில்லை. அவர் பெயரைத் தழும்பையா என்னை எழுதவிடவில்லை, தாமே எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் என் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டோரை விட்டுக் கிளம்பும் நாளில், உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கவலையாக இருந்தார். “பால் காப்பாத்திச்சா, இல்ல ஒங்களுக்கு அம்மை தொத்தவே இல்லியான்னு இப்ப எப்பிடிச் சொல்றது? நீங்க ரெண்டு பேரா இருந்திருந்தா ஒருத்தருக்குப் பால் வைக்காம விட்டுப் பாத்திருக்கலாம்” என்றார். சொல்ல வந்த நன்றியை மடித்து வைத்துக்கொண்டேன்.

பெட்டிசங்கள் கடைசியில் வென்றன. அவரை மன்னார்க் கரைக்கு மாற்றினார்கள். தோணியில் வந்திறங்கும் கூட்டத்துக்கெல்லாம் அங்கே பால் வைக்கிறார். ஓயாமல் கைகள் வந்துகொண்டே இருக்கும் இடம். அவருக்குத் தண்டனை என்று நினைத்து அனுப்பியவர்கள் அவரை அறியாதவர்கள். இப்போது காப்பி போய் மலையெல்லாம் தேயிலை வைக்கிறார்கள். எனக்கும் கச்சேரியில் மேசை, கதிரை, ஓர் அலுமாரிகூடக் கிடைத்துவிட்டது.

மாதம் தவறாமல் அவரிடமிருந்து கடிதம் வருகிறது. சுகமா என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்தக் கங்காணி இருக்கிறாரா, வத்தேகமக் குழந்தைக்கு மறுபடி பால் வைத்துப் பார்த்தார்களா, கட்டுகஸ்தோட்டை மாப்பிள்ளையின் பிள்ளைகள் கை எப்படி என்று கேள்விமேல் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலையேறி, சட்டைகளைக் கழற்றச் சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு வந்து பதில் எழுதுகிறேன். கேட்டதற்கு மட்டும் பதில். மனம் உங்களைத் தேடுகிறது என்று எழுத இன்னும் கை வரவில்லை.