தேத்தண்ணியில் ஊறிய சப்பாத்து

ரொறன்ரோவில் இருக்கும் தமிழர்களை இரண்டாகப் பிரிக்கலாம். கடைக்குப் போய்க் காலுக்குச் சப்பாத்து வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு பக்கம். சப்பாத்தண்ணை தனியாக மறுபக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டி, குளிக்க இடமில்லாமல் திரிந்த ஒரே சீவன் நான்.

அவருடைய வீட்டு பேஸ்மென்றில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். வேலையும் ஒரே இடம், பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸ். அவர் பாரம் தூக்கும் போர்க்லிவ்ற் ஓட்டுவார், நான் பெட்டி அடுக்குவேன். படிப்பைப் பாதியில் விட்டவனிடம் கார் ஏது? போவதும் வருவதும் அவருடைய காரில்தான். ஆகவே அவருக்கு ஒரு விசர் பிடித்தால் எனக்குத் தப்பி ஓட வழியில்லை. ஹைவேயில் கதவைத் திறந்து குதிக்கவா முடியும்?

இந்தச் சப்பாத்து விசருக்குக் காரணம் ரெறி. எங்கள் சுப்பர்வைசர், வெள்ளைக்காரர். ஒவ்வொரு நவம்பரும் கூட்டாளிகளோடு வடக்கே காட்டுக்கு மான் வேட்டைக்குப் போவார். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணையும் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். காலில் புத்தம் புதிய பனிக்கால பூட்ஸ். காய்ந்த இலைமேல் அவர் வைத்த ஒவ்வொரு அடியும் முறுக்குக் கடிப்பதுபோல் கேட்டதாம். அந்தப் பக்கத்து மான்கள் எல்லாம் கியூபெக்குக்கே குடிபெயர்ந்திருக்கும். ரெறி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உன் இறைச்சிக்கறி பிரமாதம். நீ கேபினில் அடுப்பைப் பார்த்துக்கொள், வேட்டையை நாங்கள் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

காரில் இதைச் சொல்லும்போது அண்ணைக்குக் குரலே மாறிவிட்டது.

"வேட்டைக்குப் போன என்னைச் சமைக்க விட்டிட்டாங்களடா தம்பி."

"நல்லதுதானே அண்ணை. உங்களுக்கும் மானுக்கும் என்ன காணிச் சண்டையே?"

"உனக்குப் பகிடி. அடுத்த முறையும் சத்தம் கேட்டுதெண்டா நான் சீவியம் முழுக்க அடுப்படிதான்."

அதன்பிறகு மனிதர் இரவு பகலாக வீடியோ பார்த்தார். இந்த நாட்டின் ஆதிக்குடிகள் மெல்லிய தோலில் மொக்கசின் என்ற சப்பாத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் சத்தமில்லாமல் நடந்தார்கள் என்று கண்டுபிடித்தார். ரெறி சுட்ட மானின் தோலைக் கேட்டு வாங்கி, மூட்டை உப்பைக் கொட்டிச் சுருட்டி கராஜ் பிரீசரில் வைத்திருந்தார். போன வருடம் இலை பழுக்கத் தொடங்கியதும் அதை வெளியே எடுத்தார். தோலைப் பதப்படுத்த மரப்பட்டைச் சாறு வேண்டுமாம். எங்கள் ஆள் மரப்பட்டைக்கு எங்கே போவார்? தேயிலையிலும் அதே சத்து இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வேலை முடிந்து வந்து பாத்ரூம் கதவைத் திறக்கிறேன். என் குளியல் தொட்டி நிறையத் தேத்தண்ணி. நடுவில் மான் தோல் மல்லாந்து மிதக்கிறது.

"அண்ணை, இதுக்குப் பால் ஊத்தேல்லையோ?"

"நக்கலடிக்காமல் இதைப் பிடிச்சுக் கிண்டு" என்று ஒரு பழைய ஹொக்கி மட்டையைக் கையில் தந்தார்.

"நான் எங்கை குளிக்கிறது?"

"குளிச்சு என்ன, நாளைக்குக் கலியாணமே? கொஞ்ச நாள் பொறு."

கொஞ்ச நாளில் என்மேல் தேயிலைத் தோட்டமும் மாட்டுக்கொட்டிலும் கலந்து ஒரு வாசம் வந்தது. வெயார்ஹவுசில் நான் சாப்பிடப் போனால் மேசை காலியாகும். பொறுக்க முடியாமல் மேலே போய் மலர் அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன். மலர் அக்கா அண்ணையின் மனைவி. வீட்டுத் தேயிலை எல்லாம் எங்கே போகிறது என்று அதுவரை என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார். கீழே வந்து தொட்டியைப் பார்த்தவர் அண்ணையைக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ. ஞாயிறு வீட்டிலை சரஸ்வதி பூசை. நாலு சனம் வந்து போற இடம். அதுக்கு முதல் ஒண்டில் உந்தத் தோல் போகவேணும், இல்லாட்டி நீங்கள் போகவேணும்."

தோலைப் பல தடவை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களாம். அதற்கெல்லாம் அக்கா அவகாசம் தரவில்லை. அண்ணை அப்படியே பிழிந்து, கராஜுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டார். காய்ந்த தோலில் உப்புப் பூத்து வெள்ளையாகத் தெரிந்தது.

பிறகு தையல். சாக்கு ஊசி அகப்பட்டது, உறுதியான நூல் அகப்படவில்லை. பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகு நூலால் தைத்தார், அதுவும் புதினா வாசம் போட்டது. உப்பு, தேயிலை, புதினா. பார்த்தால் சப்பாத்துப் போலவும் இல்லை. இரண்டு பெரிய கொழுக்கட்டைகளுக்கு வாய் வைத்ததுபோல் இருந்தது.

சோதனை ஓட்டம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அக்கா அடுப்படியில் சொதி கிண்டிக்கொண்டிருந்தார். அண்ணை பின்னால் மெல்ல மெல்லப் போய், "மலர்" என்றார். அக்கா வீரிட்டுக் கத்தி அகப்பையாலேயே ஒன்று போட்டார். சொதி வழிகிற முகத்தோடு மனிதர் துள்ளுகிறார்.

"கேக்கேல்லையெல்லே? நான் வந்தது உமக்குக் கேக்கேல்லையெல்லே?"

நவம்பர் வந்தது. ரெறி கடைசியாக ஒரு காலைப் பொழுது தருவதாக ஒப்புக்கொண்டார். சத்தம் கேட்டால் அடுப்பு. என்னையும் அண்ணை இழுத்துக்கொண்டு போனார்.

"நான் வந்து என்ன செய்ய?"

"சாட்சி. ஒருத்தனும் நம்பமாட்டாங்கள்."

விடிகிற நேரம் இருவரும் காட்டுக்குள் நடந்தோம். பொய் சொல்லக்கூடாது, அண்ணையின் காலில் ஒரு சத்தமும் இல்லை. பூனை தோற்றது. முறுக்குக் கடித்ததெல்லாம் என் பூட்ஸ்தான். "எருமை, மெல்ல நட" என்று எனக்குத்தான் திட்டு.

மறைந்திருந்து சுடுவதற்கு அங்கே ஒரு சின்ன மரக்குடில் இருந்தது. வாசலுக்கு வந்ததும் அண்ணை என்ன செய்தார் தெரியுமா? குனிந்தார். மொக்கசினைக் கழற்றினார். சோடியாக வாசலில் வைத்துவிட்டு, வெறும் சொக்ஸோடு உள்ளே போனார்.

"அண்ணை! இது என்ன வீடே? காட்டுக்குள்ளை நிக்கிற பெட்டி. ஏன் கழட்டினனீங்கள்?"

"உள்ளுக்கை சேறாகும். நீயும் கழட்டிப்போட்டு வா."

குளிரில் கால்விரல் விறைக்க, சுவர் ஓட்டையால் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். காட்டில் ஒன்றும் வரவில்லை. வாசல் பக்கம்தான் 'சளப் சளப்' என்று ஏதோ கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஒரு மான். கை நீட்டினால் மூக்கில் முட்டும். அண்ணையின் இடது மொக்கசினைச் சுழற்றிச் சுழற்றி நக்குகிறது. உப்புக்கு மான் உயிரை விடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அண்ணை துவக்கை எடுத்தார். நான் சத்தமில்லாமல் போனை எடுத்துப் படம் பிடித்தேன். மனிதர் குறி வைத்தார். வைத்தபடியே இருந்தார். மான் இடது சப்பாத்தை முடித்துவிட்டு வலதுக்குப் போனது.

"சுடுங்கோ அண்ணை" என்று குசுகுசுத்தேன்.

அவர் துவக்கை மடியில் வைத்துவிட்டார்.

"சாப்பிட்டுக்கொண்டு நிக்குதடா."

"அதுக்கு?"

"சாப்பாட்டிலை இருக்கிற ஆளை எப்பிடியடா எழுப்புறது?"

மான் அவசரமில்லாமல் ஆறுதலாகச் சாப்பிட்டு, நாக்கால் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எவ்வளவு நாள் குளிக்காமல் இருந்தேன்!

கேபினில் ரெறி முதலில் சொக்ஸைப் பார்த்தார், பிறகு ஈரமாகப் பிய்ந்து தொங்கிய மொக்கசினைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். நான் படத்தைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. தன் வாழ்நாளில் எந்த மானும் இவ்வளவு கிட்ட வந்ததில்லையாம். "அடுத்த வருடம் நீ என் பக்கத்தில் இரு" என்று அண்ணையின் தோளில் தட்டினார். அண்ணை தலையை ஆட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே அடுப்புப் பக்கம் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.

இந்த வருடமும் என் தொட்டியில் ஒரு தோல் மிதக்கிறது. நேற்று நான் மட்டையால் கிண்டிக்கொண்டு நிற்க, அண்ணை உள்ளே வந்து, நான் கவனிக்கவில்லை என்று நினைத்து, இன்னும் இரண்டு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டார்.

வேலை விட்டு வரும் வழியில் காரைக் கடையில் நிறுத்தச் சொல்லி நானே வாங்கி வந்த தேயிலைப் பக்கற்றை உடைத்துத் தொட்டிக்குள் கொட்டினேன்.